விழுந்தவனின் துவக்கு

துவக்கு என்ற சொல் எமது தலைமுறையினருக்கு இனிய நினைவுகளைத் தருவதன்று. செய்தி ஆசிரியர் மேசையில் கழிந்த என் ஆண்டுகளில் அச்சொல் இடம்பெறாத நாள்கள் மிகச் சிலவே. ஆயினும், 'இதனைக் கொண்டு மனிதரைச் சுடலாகாது' என்ற கட்டளையுடன் ஓர் இராணுவம் தன் வீரர்களுக்கு வழங்கிய துவக்கு ஒன்றும் வரலாற்றில் உண்டு என்றால் நம்புவீர்களா? அதன் கதையையே இங்கு எழுத முனைகிறேன்.

இரண்டாம் உலகப் போரிலே விமானத்திலிருந்து பரசூட் மூலம் குதித்து உயிர் தப்பிய விமானிகள் பலர், பின்னர் காட்டிலும் பாலையிலும் பனிவெளியிலும் பசியால் அல்லலுற்றனர். போர் முடிந்ததும் தொடங்கிய பனிப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் பாதைகள் ஆர்க்டிக் பிரதேசத்தின் மேலாகச் சென்றன. அங்கே விழுந்தவனைத் தேடிக் கண்டுபிடிக்கப் பல நாள்கள் செல்லலாம். அதுவரை அவன் எதை உண்பான்?

இந்தக் கேள்விக்கு விடையாக 1940களின் இறுதியில் உருவானதே எம்-4 உயிர்காப்பு றைபிள். ஆசனத்துடன் இணைந்த பொதிக்குள் அடங்கும்படி குறுகிய குழல், உள்ளே தள்ளிவிடக்கூடிய கம்பிப் பிடங்கு, முயலையும் பறவையையும் வீழ்த்தப் போதுமான ·22 ஹோர்னெற் ரவை என்பனவே அதன் அம்சங்கள். அடுத்து 1950களில் எம்-6 வந்தது. மேலே ஒரு றைபிள் குழலும், கீழே சிறுகுண்டுகளைச் சிதறவிடும் வேட்டைக் குழலும் கொண்ட இதனை நடுவே மடித்துவிடலாம். மடித்தால் ஒரு முழத்துக்கும் குறைவு. விரலால் இழுக்கும் வழமையான விசைக்குப் பதிலாக, முழுக் கையாலும் அழுத்தும் நீண்ட தகடொன்று பொருத்தப்பட்டிருந்தது. தடித்த பனிக் கையுறையைக் கழற்றினால் விரல்கள் விறைத்துவிடும் என்பதை அதனை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்திருந்தனர். பிடங்கின் உள்ளே ஒன்பது றைபிள் ரவைகளும் நான்கு வேட்டை ரவைகளும் இருந்தன. ஆகப் பதின்மூன்று. அவ்வளவு சிக்கனம்!

இந்த றைபிள்களுக்கான ஹோர்னெற் ரவைப் பெட்டியிலேதான் நான் முதலிற் குறிப்பிட்ட கட்டளை அச்சிடப்பட்டிருந்தது. எதிரிப் படையினர்மீது தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ இதனைப் பயன்படுத்தலாகாது, உணவுக்காக விலங்குகளை வேட்டையாட மட்டுமே என்பது அதன் சாரம். காரணம், அந்த ரவையின் முனை மென் ஈயத்தாலானது. உடலுட் புகுந்ததும் விரிந்து பெருங்காயம் செய்வது. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம் ஆயுதசாலையில் பிரித்தானியர் தயாரித்த சன்னங்களால் அவப்பெயர் பெற்ற இவ்வகையினை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் போரிலே தடைசெய்திருந்தது. முயலுக்கு ஆகும், மனிதனுக்கு ஆகாது என்பது விதி. எதிரியின் மண்ணில் தனித்து நிற்கும் ஒருவன் அந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருப்பானா என்பது வேறு விடயம். ஆயினும் அப்படி ஒரு வரியை அச்சிட வேண்டுமென்று யாரோ எண்ணினார்கள் அல்லவா?

1956இல் அமெரிக்க விமானப்படை ஏற்றுக்கொண்ட ஏ.ஆர்.-5 இவை இரண்டினும் இலேசானது; ஏறத்தாழ 1.2 கிலோகிராம் மட்டுமே. குழலையும் இயங்கு பாகங்களையும் கழற்றி, உட்குழிவான பிடங்கினுள்ளேயே வைத்து மூடிவிடலாம். நீரில் விழுந்தால் மிதக்கும். ஆயினும் முந்திய றைபிள்கள் களஞ்சியத்தில் நிறைந்திருந்தமையால் அது பெருமளவில் வாங்கப்படவில்லை. அதன் வழிவந்த ஏ.ஆர்.-7, 1959 முதல் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 1963இல் வெளியான ஜேம்ஸ் பொன்ட் திரைப்படத்தில் அதனைக் கண்டவர்கள் எம்மிடையே இருப்பர். இவற்றின் பின்னணியில் இருந்தவர் யூஜின் ஸ்ரோனர். வியற்நாமிற் புகழும் பழியும் பெற்ற எம்-16இன் மூல வடிவத்தைத் தந்தவரும் அவரேதான். விழுந்தவன் பசியாறவும், நிற்பவனை வீழ்த்தவும் ஒரே மனிதரின் வரைபலகையே உதவிற்று.

சோவியத் நாட்டிலோ வேறொரு அச்சம் வழிகாட்டியது. 1965 மார்ச் 18ஆம் திகதி அலெக்சி லியோனோவ் விண்கலத்திலிருந்து வெளிவந்து, விண்வெளியில் மிதந்த முதல் மனிதரானார். மறுநாள் திரும்புகையில் தன்னியக்கத் தரையிறக்கப் பொறி பழுதுற்றது. அவரும் தளபதி பாவெல் பெலியாயெவும் கையாலேயே கலத்தைச் செலுத்தி இறங்கினர். இறங்கிய இடம் குறித்த இடத்திலிருந்து 386 கிலோமீற்றர் தொலைவில், பேர்ம் பிரதேசத்துத் தைகா காடு. ஆழ்ந்த பனி. மரங்களின் அடர்த்தியால் ஹெலிகொப்டர் இறங்க முடியவில்லை. அக்காலம் கரடிகளும் ஓநாய்களும் மூர்க்கங்கொள்ளும் பருவம் என்பதைத் தாம் அறிந்திருந்ததாக லியோனோவ் பின்னர் எழுதினார். விண்வெளியை வென்ற இருவரிடமும் அந்த இரவில் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி மட்டுமே. மீட்புக் குழுவினர் வந்துசேர்ந்த பின்னரும் இன்னோர் இரவு காட்டிலேயே கழிந்தது. 21ஆம் திகதி பனிச்சறுக்குக் கட்டைகளில் சென்றே அவர்கள் ஹெலிகொப்டரை அடைந்தனர்.

லியோனோவ் அந்த இரவை மறக்கவில்லை. அவரது வற்புறுத்தலின் பயனாக, 1986 முதல் சோயூஸ் கலங்களில் ரி.பி.-82 என்ற மூன்று குழல் ஆயுதம் இடம்பெற்றது. மேலே இரு வேட்டைக் குழல்கள், கீழே ஒரு றைபிள் குழல். சமிக்ஞை வெளிச்சம் எறியவும் ஏற்றது. அதன் பிடங்கைக் கழற்றினால் மரம் தறிக்கும் வெட்டுக்கத்தியாகும். ரவைகளின் காலம் முடிவடைந்தமையால் 2007ஆம் ஆண்டளவில் அதுவும் ஓய்வுபெற்றது.

இதனிடையே தேடும் கலை வளர்ந்துவிட்டது. விபத்துக்குள்ளானோரைச் செய்மதி வழியே கண்டறியும் கொஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டை, பனிப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்காவும் சோவியத் நாடும் கனடாவுடனும் பிரான்சுடனும் சேர்ந்து அமைத்தன. 1982இல் அது முதல் உயிர்களைக் காத்தது. மீட்போர் விரைவில் வந்துவிடுவார்களெனில், முயல் வேட்டைக்கு அவசியம் ஏது?

ஆனால், துவக்கு ஆசனத்தடியிலிருந்து மறைந்துவிடவில்லை. 2018இல் அமெரிக்க விமானப்படை விமானிகளுக்காக ஒரு புதிய மடக்கு ஆயுதத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. நான்கு கூடுகளில் 120 ரவைகள். ஸ்ரோனரின் எம்-16 பரம்பரையைச் சேர்ந்தது. அதன் பெயரிலேயே 'தற்காப்பு ஆயுதம்' என்று உள்ளது. 2014 டிசெம்பரில் சிரியாவில் விழுந்த ஜோர்தானிய விமானி உயிரோடு எரிக்கப்பட்டதை உலகமே கண்டது. அதன் பின்னர், விழுந்தவனின் கையில் ஓர் ஆயுதம் இருக்கட்டும் என்று நினைப்பவரைக் குறைகூற முடியாது.

ஆசனத்தடியில் எந்தத் துவக்கை வைப்பது என்ற தெரிவு, விழுந்தவன் எதற்கு அஞ்சவேண்டும் என்ற கேள்வியின் விடையே. முதலில் பசிக்கு அஞ்சினார்கள். பதின்மூன்று ரவைகள் போதுமானவையாக இருந்தன. பின்னர் கரடிக்கு அஞ்சினார்கள்; மூன்று குழல்கள் வேண்டப்பட்டன. இன்று மனிதனுக்கு அஞ்சுகிறார்கள். 120 ரவைகள் தேவைப்படுகின்றன.