தரப்படுத்தலும் என் தங்கச்சியின் பயோ பேப்பரும்

லீவுக்கு இறக்கக்கண்டிக்கு வந்தால் எனக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். சாச்சி மகளுக்கு உயிரியல் பாஸ்ட் பேப்பரில் கேள்வி கேட்க வேண்டும். நான் கலைப்பீடம்தான். ஆனாலும் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கப் பெரிய அறிவு தேவையில்லையே. கலம், இழையம், சமிபாடு, நிறமூர்த்தம் என்று அவள் மடமடவெனச் சொல்லிக்கொண்டு போவாள். அவளுக்குப் பல் டொக்டராக வேண்டும். எங்கட நாட்டில் அதற்குத் தனி நுழைவுப் பரீட்சை இல்லை. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் எடுக்கிற இசட் புள்ளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

போன முறை நடுவில் நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"நானா, தரப்படுத்தல்தான் தமிழ் பேசுற பிள்ளைகளைக் கெடுத்த எண்டு சொல்றாங்க. அப்ப நான் மாவட்டக் கோட்டாவில கம்பஸ் போனா அது பிழையா?"

அந்த இடத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல நினைத்த பதில்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு விசயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம்.

முதலாவது, மொழிவாரித் தரப்படுத்தல். அந்தக் காலத்தில் உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள். மருத்துவத்துக்குப் போகிறவர்கள் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாகப் படித்தார்கள். 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்துதான் பாடங்கள் மூன்றாகின, அவை இரண்டும் சேர்ந்து உயிரியல் ஆனது. நான்கு பாடத்துக்கும் மொத்தம் 400 புள்ளி. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், 1971இல் பல்கலைக்கழகம் நுழைந்த மாணவர்களுக்கு மொழிக்கொரு வெட்டுப்புள்ளி வைத்தது. மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் சிங்கள மொழியில் எழுதியவர்களுக்கு 229. தமிழில் எழுதியவர்களுக்கு 250.

அதாவது 240 எடுத்த பிள்ளை சிங்களத்தில் எழுதியிருந்தால் உள்ளே, தமிழில் எழுதியிருந்தால் வெளியே. தமிழ் விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் புள்ளியை அள்ளிப் போட்டார்கள் என்று அப்போது ஒரு சந்தேகம் கிளப்பப்பட்டது. அது நிரூபிக்கப்படவே இல்லை. அந்த 21 புள்ளி யாழ்ப்பாணத்துப் பிள்ளையை மட்டும் தடுக்கவில்லை என்பதையும் நாம் மறந்துபோகிறோம். நிலாவெளியிலோ மூதூரிலோ இருந்து தமிழ்மொழியில் பரீட்சை எழுதிய தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். பிள்ளை எந்த வசதியோடு படித்தது என்று அந்தக் கணக்கு பார்க்கவில்லை. எந்த மொழியில் எழுதியது என்று மட்டும் பார்த்தது. அதனால்தான் அது அநியாயம்.

இரண்டாவது, மாவட்ட ஒதுக்கீடு. அது 1974இல் வந்தது. சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்கு இடங்களைப் பிரித்தது. நல்ல பள்ளிக்கூடங்களும் ஆய்வுகூடங்களும் இருந்த யாழ்ப்பாணமும் கொழும்பும் இதில் இடங்களை இழந்தன. யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்து விழுந்த இந்த இரண்டு அடிகளும் ஓர் இளைஞர் தலைமுறையின் கோபத்துக்குப் பெரிய காரணமாகின. அந்தக் கோபத்தை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை போன்ற மாவட்டங்களுக்கு, அதுவரை அநேகமாக மூடியே கிடந்த ஒரு கதவு இதனால்தான் கொஞ்சம் திறந்தது. வடக்கிலிருந்து சொல்லப்படும் வரலாறும் இறக்கக்கண்டியிலிருந்து பார்க்கும் வரலாறும் இந்த இடத்தில் ஒன்றாக இல்லை.

1977இல் ஆட்சி மாறிய பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு விகிதங்கள் மாறி மாறித் தொடர்ந்தது. இன்றைய கணக்கில் 40 சதவீதம் நாடு தழுவிய திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலை இருக்கிறது. யாழ்ப்பாணமும் இருக்கிறது! போர் ஒரு மாவட்டத்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் கோட்டாவும் முழு நியாயம் இல்லை. மாவட்டம் என்பது வரைபடத்தில் போட்ட ஒரு கோடு. திருகோணமலை டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளையும், இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட வடக்கே இருக்கிற எங்கட ஊர்ப் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில்தான் போட்டி போடுகிறார்கள். புல்மோட்டை றோட்டில் பாலம் வரும்வரை எங்கட ஆள்கள் களப்பைப் பாதையில் கடந்துதான் போய் வந்தார்கள். இப்போது பாலம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, ஆனால் ரியூசனுக்கு இன்னமும் டவுனுக்குத்தான் போக வேண்டும். நானும் முதலில் பயோதான் எடுத்தேன். பௌதிகவியலுக்கு ஆசிரியர் வருவார் வருவார் என்று இரண்டு தவணை பார்த்துவிட்டுக் கலைக்கு மாறினேன். கலைப்பீடம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தை நான் விரும்பிச் செய்யவில்லை.

பேராதனைக்குப் போனாலும் அவளுக்கு வேலை முடியாது. 1950களில் கொழும்பிலிருந்து அங்கே போன பல் மருத்துவப் படிப்பு, 1986இல் தனிப் பீடமானது. அங்கே படிப்பு ஆங்கிலத்தில். இன்று அவள் பாடமாக்கும் கலத்தையும் இழையத்தையும் வேறு பெயரில் மறுபடி படிக்க வேண்டும்.

ஆகவே தங்கச்சி, பிழை இல்லை. 1971இல் நடந்தது உன் மொழிக்கு விதித்த தண்டனை. மாவட்ட ஒதுக்கீடு, உன் வகுப்பில் இல்லாத ஆசிரியருக்காக அரசு தருகிற அரைகுறை ஈடு. அந்த ஈட்டை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதோடு ஆசிரியரையும் கேட்க வேண்டும், அதைக் கேட்பதிலும் வெட்கம் இல்லை. யாராவது உன்னைக் 'கோட்டாவில் வந்தவள்' என்று சொன்னால், அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் பௌதிகவியலுக்கு எத்தனை ஆசிரியர் இருந்தார்கள் என்று மட்டும் கேள்.

சரி, பேப்பரை எடு. முதலாம் பகுதியில் ஐம்பது கேள்வி, இரண்டு மணித்தியாலம். நேரம் பார்க்கிறேன்.