பிரிப்பது சுலபம், சேர்ப்பதுதான் கஷ்டம்: கிராஸ்ஓவரின் கதை

1/ போன வாரம் ஒரு ட்வீட்டரைக் கொன்னுட்டேன் மக்களே. வீட்டுக் கம்ப்யூட்டரையே ஆக்டிவ் கிராஸ்ஓவரா மாத்தப் போய் நடந்த விபத்து. எப்படின்னு கடைசியில் சொல்றேன். முதல்ல இந்த கிராஸ்ஓவர் வந்த கதை. டாக்டர் என்பதால் காதில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2/ நம் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். உட்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவை நீட்டினால் சுமார் 35 மி.மீ.தான். அதன் அடிப்பகுதி கீச்சொலிக்கு அதிரும், நுனிப்பகுதி கனத்த ஒலிக்கு அதிரும். இறந்தவர்களின் காதில் இந்த அலையைக் கண்ணால் பார்த்து நிரூபித்தவர் ஜார்ஜ் ஃபான் பெகேஷி. 1961-ல் மருத்துவ நோபல் வாங்கினார். ஆனா அவர் டாக்டர் இல்லை! ஹங்கேரி தபால் துறை ஆய்வகத்தில் டெலிபோனை ஆராய்ந்த இயற்பியலாளர்.

3/ காது செய்யும் இதே பிரிவினையைத்தான் ஸ்பீக்கரில் கிராஸ்ஓவர் செய்கிறது. பேஸுக்குப் பெரிய கூம்பு நிறைய காற்றைத் தள்ளணும். கீச்சொலிக்கு லேசான ஒன்று வேகமா அதிரணும். ஒரே ஸ்பீக்கரால் ரெண்டையும் நல்லா செய்ய முடியாது. பேசும்படம் வந்த பிறகு, 1930-களில் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் டக்ளஸ் ஷியரர் குழு வூஃபர் தனி, ஹார்ன் தனி என்று தியேட்டர் ஸ்பீக்கரை உருவாக்கியது.

4/ ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் காயிலும் கண்டென்சரும் வைத்துப் பிரிப்பது பாஸிவ் முறை. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே பிரித்து, வூஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப் கொடுப்பது ஆக்டிவ் முறை.

5/ சரி, பிரிச்சாச்சு. திரும்பச் சேரணுமே? வூஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் அலைவரிசையில், பழைய ஃபில்டர்களில் ஒவ்வொன்றும் 0.7 பங்கு ஒலி கொடுக்கும். இரண்டின் அதிர்வும் ஒரே தாளத்தில் இருந்தால் கூட்டு 1.4. அந்த இடத்தில் மட்டும் சத்தம் எகிறும். தாளம் தப்பினால் ஒலி நேராக வராமல் மேலேயோ கீழேயோ சாயும்.

6/ 1976-ல் இதற்கு விடை வந்தது. ஹியூலெட் பேக்கார்டில் வேலை செய்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு இன்ஜினியர்கள். லிங்க்விட்ஸின் ஆபீஸ் வேலை ரேடியோ அலைகளை அளக்கும் கருவிகள், ஸ்பீக்கர் அவரது பொழுதுபோக்கு. ஒரே ஃபில்டரை இரண்டு முறை அடுக்கினார்கள். இப்போ ஒவ்வொன்றும் 0.5 பங்கு, இரண்டும் ஒரே தாளத்தில். அரையும் அரையும் ஒன்று. அவ்ளோதான்! இன்றும் பெரும்பாலான ஆக்டிவ் கிராஸ்ஓவர்களில் இருப்பது இதுதான்.

7/ அன்று அதற்கு சர்க்யூட் போர்டு வேண்டும். இன்று எல்லாம் கணக்கு. 2000-களின் தொடக்கத்திலேயே ஆண்டர்ஸ் டோர்கர் எழுதிய புரூட்ஃபிர், லினக்ஸ் கம்ப்யூட்டரில் இதைச் செய்தது. இப்போ விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் கமிலாடிஎஸ்பி. எல்லாமே இலவசம். ஸ்டீரியோவுக்கு நாலு அவுட்புட் உள்ள சவுண்ட் கார்டும் நாலு சேனல் ஆம்பும் போதும்.

8/ இப்போ என் ட்வீட்டர். பாஸிவ் பெட்டிக்குள் ஒரு கண்டென்சர் காவலுக்கு நிற்கும். ஆக்டிவ் முறையில் அந்தக் காவல் இல்லை. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன், ஃபில்டர் லோட் ஆகலை, நான் கவனிக்கலை. பாட்டின் முழு பேஸும் நேரா ட்வீட்டருக்குப் போச்சு. ஒரு கரகரப்பு, அப்புறம் மௌனம்.

9/ அதனால், ட்வீட்டரோடு தொடராக ஒரு கண்டென்சரைக் கட்டாயம் போடுங்க. ஆம்பைக் கடைசியில் ஆன் செய்து முதலில் ஆஃப் செய்யுங்க. ட்வீட்டரை இணைக்கும் முன் அந்த அவுட்புட்டில் பேஸ் வரலைன்னு உறுதி பண்ணிக்கோங்க.

10/ முக்கியமா, சத்தத்தைக் குறைச்சு வச்சு டெஸ்ட் பண்ணுங்க. ட்வீட்டர் போனால் கடையில் வேறு வாங்கலாம். காக்ளியாவின் ரோம செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது.