எந்த எம்.எஸ்ஸி. படித்தால் வேலை கிடைக்கும்?



பி.எஸ்ஸி. முடித்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்தத் தலைப்பைத்தான். சரித்திர வாத்தியாரான எனக்குப் பதில் நம் வட்டாரத்துத் தோல் தொழிலின் கதையில் இருப்பதாகத் தோன்றுகிறது.

நம் திமிரிக்கு ஆற்காடு தாண்டினால் ராணிப்பேட்டை. மேற்கே போனால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்த ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை அரைப்பதமாக்கிக் கப்பலேற்றினார்கள். பழகிய கைதான் படிப்பு. பட்டம் யாரும் கேட்கவில்லை.

1948-ல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநர் டாக்டர் நாயுடம்மா. குண்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. காசியில் வேதியியல் தொழில்நுட்பம் படித்தவர், மேற்படிப்புக்குத் தோலைத் தேர்ந்தெடுத்து, அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவரானார். தோல் என்றாலே முகம் சுளித்த காலம் அது!

1970களில் பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுதாகப் பதனிட்டு, சாயமேற்றி, ஷூவாகவும் பையாகவும் அனுப்ப வேண்டிய நிலை. டேனரிகளுக்குப் படித்த கெமிஸ்ட் தேவைப்பட்டார்.

அடுத்த திருப்பம் 1996 ஆகஸ்ட் 28. பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது; டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தொழில் நடத்த முடியாது என்றானது. நீரைச் சோதிக்கவும் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தவும் ஆள் வேண்டும்.

இருபத்தைந்து வருடத்துக்குள் ஒரே தொழில் இரண்டு முறை ஆளை மாற்றிக் கேட்டது. 1980-ல் கல்லூரியில் சேர்ந்த பையனிடம் கழிவுநீர் வேலை பற்றி யார் சொல்லியிருக்க முடியும்? ஆனால் வேதியியலை ஒழுங்காகக் கற்றவருக்குச் சாயமும் ஒன்றுதான், கழிவுநீரும் ஒன்றுதான். கொஞ்சம் பழகினால் போதும்.

ஆகவே இன்றைய சம்பளத்தை மட்டும் பார்த்து, கவர்ச்சியான பெயருள்ள படிப்பில் சேர்க்காதீர்கள். சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். அடிப்படைப் பாடம் எத்தனை, ஆய்வகத்தில் பிள்ளை கை வைக்க விடுவார்களா, ஐந்து வருடம் முன் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பிள்ளைக்கு அந்தப் பாடம் பிடிக்குமா என்பதையும் கேளுங்கள். வேலை மாறும்போது மறுபடி படிக்கப்போவது அவர்கள்தான்.

குழப்பம் இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.