பள்ளி ஆட்சிக்குழு (இங்கிலாந்து)

இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளை மேற்பார்வையிடும் பொறுப்பு, பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களிடம் இருக்கிறது. ‘கவர்னர்’ என்று அழைக்கப்படும் இவர்களில் பெற்றோர், ஆசிரியர், உள்ளாட்சி மன்றம் முன்மொழிந்தவர், கணக்கோ சட்டமோ தெரிந்த உள்ளூர்க்காரர் எனப் பலர் இருப்பார்கள். தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, பிள்ளைகள் ஒழுங்காக முன்னேறுகிறார்களா என்று தலைமையாசிரியரைக் கேள்வி கேட்பது ஆகியவை குழுவின் முக்கிய வேலைகள். எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு, மணி எப்போது அடிக்க வேண்டும் என்பதில் அது தலையிடக் கூடாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன.

பெற்றோருக்கு இங்கே இடம் கிடைத்தது சண்டை போட்ட பிறகுதான். 1970கள் வரை உள்ளாட்சியை ஆண்ட கட்சிகள் தங்கள் ஆட்களைக் கொண்டு குழுக்களை நிரப்பின. ஒரே குழு பல பள்ளிகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வதும் வழக்கம்தான். லண்டன் இஸ்லிங்டன் பகுதியில் இருந்த வில்லியம் டின்டேல் தொடக்கப்பள்ளியில் இந்த ஏற்பாடு சந்திக்கு வந்தது. எதைப் படிப்பது என்பதைப் பெருமளவு பிள்ளைகளின் விருப்பத்துக்கே விடும் முறையை 1974இல் அங்கு ஆசிரியர்கள் சிலர் கொண்டுவந்தார்கள். பெற்றோர் பலர் பிள்ளைகளை வேறு பள்ளிகளில் சேர்த்தனர். மேற்பார்வைக் குழுவுக்கும் ஆசிரியர்களுக்கும் பகை முற்றி, 1975இல் வேலைநிறுத்தம் நடந்தது. வழக்கறிஞர் ராபின் ஆல்ட் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை 1976இல் வந்தது. ஒரு பள்ளி தடம் மாறினால் அதைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அதற்குப் பிறகு ஓயவில்லை.

டாம் டெய்லர் தலைமையிலான குழு 1977இல் உள்ளாட்சி, ஊழியர், பெற்றோர், ஊர்மக்கள் ஆகிய நான்கு தரப்புக்கும் சம பங்கு கேட்டது. 1980 சட்டம் பெற்றோர் பிரதிநிதிகளைக் கட்டாயமாக்கியது. 1986 சட்டம் உள்ளாட்சியின் பெரும்பான்மையை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் 1988 சட்டம் வரும்வரை குழுவின் கையில் காசு இல்லை. பள்ளிக்கான நிதியைப் பள்ளியே செலவிடலாம் என்று அந்தச் சட்டம் சொன்ன பிறகுதான் ஆட்சிக்குழுக் கூட்டங்கள் சூடுபிடித்தன. 1986 சட்டம் கட்டாயமாக்கிய ஆண்டுப் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆள் வராமல் வாடிய அந்த ஏற்பாட்டை 2005 சட்டம் கைவிட்டது.

உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ள பள்ளிகளுக்கு 2012 விதிமுறைகள் பொருந்தும். குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் குறைந்தது இருவர் பெற்றோரால் தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர். பதவிக்காலம் வழக்கமாக நான்கு ஆண்டு. இடையில் பிள்ளை பள்ளியை விட்டுப் போனாலும் பெற்றோர் பிரதிநிதி காலம் முடியும்வரை நீடிக்கலாம். போட்டியிட ஆள் இல்லையென்றால் குழுவே ஒரு பெற்றோரை நியமித்துக்கொள்ளும். திருச்சபை சார்ந்த பள்ளிகளில் சபையின் நியமனதாரர்களும் உண்டு. அவற்றில் ஒரு வகைப் பள்ளிகளில் அவர்களுக்கே பெரும்பான்மை.

பெற்றோர் பிரதிநிதியின் நிலை சற்று விசித்திரமானது. வாக்களித்தவர்களின் தூதராக அவர் குழுவில் அமர்வதில்லை. பெற்றோரின் பார்வையைக் கொண்டுவரலாம். வாக்களிக்கும்போது தன் மனதுக்குச் சரியென்று பட்டதைச் செய்ய வேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே நிகழ்ச்சி நிரல் வந்துவிடும். கணக்குத் தாள்களும் தேர்வு முடிவுகளும் கொண்ட கட்டைப் படித்துவிட்டு வரும் புதியவர், மூன்றாம் வகுப்பு ஆசிரியர் தன் மகளிடம் கடுமையாக நடந்துகொண்டார் என்று ஆரம்பித்தால், தலைவர் அதை அங்கேயே நிறுத்திவிடுவார். தனிப்பட்ட புகாருக்கு வேறு வழி இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண் ஏன் இரண்டு ஆண்டாகச் சரிகிறது என்று கேட்டாலோ, தலைமையாசிரியர் பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுத்தர் அதைக் குறிப்பேட்டில் ஏற்றுவார். பள்ளியின் வாயிலில் நிற்கும் மற்ற பெற்றோருக்கு இந்த வேறுபாட்டைப் புரியவைப்பதுதான் இந்தப் பதவியின் பெரிய தலைவலி.

ஆட்சிக்குழுவின் அதிகாரம் முழுதாகத் தெரியும் இடம் மாணவர் நீக்கம். தலைமையாசிரியர் ஒரு மாணவரை நிரந்தரமாக நீக்கினால், 15 பள்ளி நாட்களுக்குள் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். வழக்கமாக மூன்று உறுப்பினர்கள் அமர்கிறார்கள். ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறுபக்கம் பெற்றோரும் பிள்ளையும். இரு தரப்பையும் கேட்டபின் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு மூவரும் முடிவெடுப்பார்கள். நீக்கத்தை உறுதிப்படுத்தலாம், அல்லது பிள்ளையைத் திரும்பச் சேர்க்கும்படி தலைமையாசிரியருக்கு உத்தரவிடலாம். தாங்களே தேர்ந்தெடுத்த தலைமையாசிரியரின் முடிவைத் தாங்களே ரத்து செய்வது எளிதல்ல. உறுதிப்படுத்தினால், பெற்றோர் வெளியார் கொண்ட மறுஆய்வுக் குழுவிடம் போகலாம்.

இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் இதற்கு நேர்மாறான வழியில் போனது. பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று அது விதித்தது. ஆனால் தலைமையாசிரியரை நியமிக்கும் உரிமை அந்தக் குழுவுக்கு இல்லை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலசாலிகள். கையெழுத்தின் மதிப்பை வைத்துப் பார்த்தால், உள்ளாட்சிப் பள்ளியில் அமரும் அந்த இரண்டு ஆங்கிலேயப் பெற்றோரே கனமானவர்கள்.

அந்தக் கனமும் இப்போது குறைந்துவருகிறது. 2010க்குப் பிறகு ஆயிரக்கணக்கான பள்ளிகள் உள்ளாட்சியிலிருந்து விலகி அகாடமிகளாயின. இன்று பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் அவற்றில் படிக்கிறார்கள். பல அகாடமிகளை ஒரே அறக்கட்டளை நடத்தும்போது, சட்டப்படியான அதிகாரம் அதன் அறங்காவலர்களிடம் போய்விடுகிறது. பள்ளி அளவில் உள்ளூர் ஆட்சிக்குழு தொடர்ந்தாலும், அறக்கட்டளை எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பகிர்வு ஆவணத்தில் இருப்பதுதான் அதன் எல்லை. சில இடங்களில் வரவு செலவுத் திட்டத்தைப் பார்வையிடலாம், மாற்ற முடியாது. தலைமையாசிரியர் தேர்வில் ஒரு நாற்காலி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அறங்காவலர் குழுவிலோ, ஒவ்வொரு உள்ளூர்க் குழுவிலுமோ குறைந்தது இரண்டு பெற்றோர் இருக்க வேண்டும் என்ற விதியையும் நீக்கப்போவதாக 2016 மார்ச்சில் கல்வி அமைச்சர் நிக்கி மோர்கனின் வெள்ளை அறிக்கை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. அவருக்குப் பின் வந்த ஜஸ்டின் கிரீனிங் அதே ஆண்டில் அந்த யோசனையைக் கைவிட்டார். விதி தப்பியது, ஆனால் பல பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளை தன் இரண்டு பெற்றோரையும் மேல்மட்டக் குழுவிலேயே வைத்துக்கொண்டால், தனிப் பள்ளியொன்றின் உள்ளூர்க் குழுவில் பெற்றோர் ஒருவர்கூட இல்லாமல் போக இன்றும் வழியிருக்கிறது.