கிராக்கஸ் வீட்டுப் பாம்புகள்

வளர்த்த பாம்பு காணாமற் போவதும், சில நாள் கழித்து வீட்டுக்குள்ளேயே அகப்படுவதும் இன்றைய மேலைநாட்டு அடுக்ககங்களுக்கு மட்டுமே உரிய செய்தி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கண்ணாடிப் பெட்டியின் மூடி சற்றே விலகியிருக்கும். பாம்போ குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் வெம்மை தேடிச் சுருண்டு கிடக்கும். தரையில் மாவு தூவித் தடம் பார்ப்போரும் உண்டு. பழைய உரோமானியரும் வீட்டில் பாம்பு வளர்த்தவர்களே. ஆனால் அவர்தம் எழுத்துகளில் நாம் காணும் வீட்டுப் பாம்பு மேசைமீதும் மடியிலும் கழுத்திலும்தான் இருக்கிறது, பெட்டிக்குள் அன்று. பெட்டி இல்லையெனில் தப்புதல் எது, தங்குதல் எது? கண்ணிற் பட்டபோது அதைக் கண்டவர் என்ன நினைத்தார் என்பதே அங்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் அப்பாம்பு வந்த வழியைப் பார்த்துவிடுவோம். கி.மு. 293இல் உரோமைக் கொள்ளைநோய் வாட்டியது. மருத்துவக் கடவுளான ஆஸ்கிலீபியஸை அழைத்துவர, கிரேக்க நாட்டு எபிடாரஸுக்குத் தூதுக்குழு ஒன்று சென்றது. கடவுளுக்குப் பதிலாகக் கப்பலேறியது ஒரு பாம்பு. வழியில் ஆன்டியம் என்ற ஊரில் அது கப்பலைவிட்டு இறங்கி, கோயில் வளாகத்துப் பனை இனத்து மரமொன்றைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் இருந்ததாம். தூதர்கள் பதறியிருப்பார்கள், அரசு வேலையாகப் போய்க் கடவுளைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்ப யாரால் முடியும்? அது தானாகவே திரும்பி வந்து, பின் டைபர் ஆற்றுத் தீவில் இறங்கிற்று என்பது கதை. அங்கே கோயில் எழுந்தது. அத்தீவில் இன்றும் மருத்துவமனை ஒன்று நடக்கிறது.

கி.பி. 77இல் தம் இயற்கை வரலாற்றை முடித்தளித்த பிளினி, எபிடாரஸிலிருந்து வந்த அந்த இனம் வீடுகளிலும் பரவலாக வளர்க்கப்படுவதாகக் குறிப்பிடுகிறார். அடிக்கடி நேரும் தீ விபத்துகளில் அதன் முட்டைகள் கருகாவிட்டால் அதன் பெருக்கத்தைத் தாங்க முடியாது என்ற கவலையும் அவருக்கு இருக்கிறது. விருந்தில் கிண்ணங்களுக்கிடையே தீங்கின்றி ஊர்ந்து செல்லும் பாம்புகளைச் செனகா காட்டுகிறார். குளிர்ந்த பாம்பைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஒரு பெண் மார்ஷியலின் பாடலொன்றில் வருகிறாள். ஆஸ்கிலீபியஸின் பெயரையே தாங்கி இன்று தென் ஐரோப்பாவில் வாழும் பாம்பினம் நஞ்சற்றது, ஏறக்குறைய 2 மீட்டர் வரை வளர்வது, மரமும் சுவரும் ஏறுவதில் வல்லது, எலி தின்பது. வீட்டுக்காரர்களுக்கு அதனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொம்பெயி நகரின் வீட்டுத் தெய்வ மாடங்களிலும் பாம்பு உண்டு. பல ஆண்டுச் சீரமைப்புக்குப்பின் 2023இல் மீண்டும் திறக்கப்பட்ட வெட்டியர் இல்லத்தின் மாடத்தில், தெய்வங்களின் காலடியில், கொண்டையும் தாடியுமாக ஒரு பாம்பு பலிபீடத்தை நோக்கி ஊர்கிறது. வேறு பல வீடுகளில் இரண்டு: தாடியுள்ளது ஆண், அஃதில்லாதது பெண் என்று கொள்வர். இந்த இணையை நினைவில் வைத்துக்கொள்ள வாசகரை வேண்டுகிறோம்.

வளர்த்த பாம்பைத் தேடிச் சென்று கண்டவர்களுள் பேரரசர் டைபீரியஸை விட்டுவிட முடியாது. காப்ரித் தீவில் ஒதுங்கி வாழ்ந்த அவர், முதுமையில் ஒருமுறை ஆப்பியன் சாலையில் ஏழாம் மைல்கல் வரை வந்தார். நகர மதில் கண்ணுக்குத் தெரிந்தது. வழக்கம்போலத் தம் கையால் உணவூட்டப் பாம்பை நாடினார். எறும்புகள் அதைத் தின்று தீர்த்திருந்தன. கூட்டத்தின் வலிமைக்கு அஞ்சுக என்ற எச்சரிக்கையாக அது கொள்ளப்பட, நகருக்குள் நுழையாமலேயே திரும்பினார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். கி.பி. 37இல் மிசீனத்தில் அவர் இறந்தார். நோயுற்றோ குளிரில் விறைத்தோ கிடந்திராத பாம்பை எறும்புகள் தின்றிருக்குமா என்று கேட்க அங்கே எவருமில்லை போலும்.

இனி கிராக்கஸ் வீடு. இருமுறை கான்சலாகவும் ஒருமுறை சென்சாராகவும் இருந்த டைபீரியஸ் கிராக்கஸ், ஹன்னிபாலை வென்ற சிப்பியோவின் மகள் கார்னீலியாவை மணந்தவர். கணவரைவிட மனைவி வயதில் மிக இளையவள். அவர்கள் வீட்டில் ஒருநாள் இரண்டு பாம்புகள் பிடிபட்டன. நிமித்திகர் வரவழைக்கப்பட்டனர். ஆண் பாம்பை விட்டால் மனைவிக்குச் சாவு, பெண் பாம்பை விட்டால் கணவருக்குச் சாவு என்றனர். இளம்பெண் வாழட்டும், தாம் இறப்பதே முறை என்று முடிவுசெய்து கிராக்கஸ் பெண் பாம்பை விடுவித்தார். சில நாளில் இறந்தும் போனார்.

கி.மு. 44இல் சிசரோ எழுதிய குறிபார்த்தல் பற்றிய நூலின் முதற்பகுதியில், அவர் தம்பி குவின்டஸின் வாய்மொழியாக இக்கதை வருகிறது. இரண்டாம் பகுதியில் சிசரோ அதைப் பிரித்துப் போடுகிறார். பல்லிக்கும் எலிக்கும் அழைக்காத நிமித்திகரைப் பாம்புக்கு மட்டும் ஏன் அழைப்பானேன்? எதை விட்டாலும் ஒருவருக்குச் சாவு என்றால், ஏன் ஒன்றையேனும் விட்டார்? இரண்டையும் விடாதிருந்தால் என்ன ஆகும் என்று நிமித்திகர் சொன்னதாகக் கடிதத்தில் இல்லையே! அவரே அரசின் நிமித்தக் குழுவில் உறுப்பினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டிலில் குழந்தையைப் பாம்பு சுற்றியிருந்தது என்ற இன்னொரு கதைக்கும் அவர் இதே போக்கில் விடை தருகிறார்: அந்த வட்டாரத்தில் அடுப்பங்கரையில் பாம்புகள் சந்தை கூடுவது வழக்கம்தானே. குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் தேடுகிறவர்களுக்கு இது புரியும்.

பின்னாளில் புளூட்டார்க் கதையில் சிசரோ கண்ட ஓட்டையை அடைத்துவிட்டார். அவர் சொல்லும் வடிவில் பாம்புகள் கிடந்தது படுக்கையில். இரண்டையும் கொல்லவும் கூடாது, இரண்டையும் விடவும் கூடாது என்று நிமித்திகர் தடுக்கின்றனர். கிராக்கஸ் ஆண் பாம்பைக் கொல்கிறார்.

அவை அவ்வீட்டில் வளர்ந்தவையா, வெளியிலிருந்து புகுந்தவையா என்று இருவருமே சொல்லவில்லை. பிளினியின் காலம் இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் பிற்பட்டது. எனினும் எபிடாரஸ் பாம்பு அதற்குள் ஊருக்கு வந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கி.மு. 161இல் மேடையேறிய டெரன்ஸின் ‘ஃபோர்மியோ’ நாடகத்தில், திருமணத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் சாக்குகளுள் கூரையிலிருந்து முற்றத்தில் விழுந்த பாம்பும் ஒன்று. கிராக்கஸின் இரண்டாம் கான்சல் பதவிக்கு இரண்டே ஆண்டு பிந்திய நாடகம் அது. அவர் தலைமுறையினர் இந்த நிமித்தத்தைக் கேட்டுச் சிரிக்கவும் தெரிந்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின் ஏன் இக்கதை மட்டும் சிரிப்பின்றித் தங்கியது? சிசரோ படித்தது கிராக்கஸின் இளைய மகன் காயஸ் எழுதிய கடிதம். தந்தை இறந்தபோது காயஸ் மிகச் சிறு பிள்ளை. அப்படியானால் கதையைச் சொன்னவர் கார்னீலியாவாகவே இருக்க வேண்டும் என்பது நம் துணிபு. பெற்ற பன்னிருவரில் மூவரே பிழைத்த வீடு அது. கணவர் தமக்காக இறந்தார் என்ற நினைப்போடு அப்பெண் அம்மூவரையும் வளர்த்தார். எகிப்திய மன்னன் தாலமி மணம் பேசியபோதும் மறுத்தார். சிசரோவின் தருக்கம் பிழையற்றதே. ஆனால் அதை அந்த அம்மையாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கையில், நமக்குத் துணிவு வரவில்லை. மூத்த மகன் கி.மு. 133இலும் காயஸ் 121இலும் அரசியற் கலவரத்தில் மாண்டனர். அவர்களுக்குப் பின்னும் அவர் வாழ்ந்தார்.

1878இல் உரோமில் கார்னீலியாவின் சிலைப் பீடம் கிடைத்தது. இப்போது கேப்பிட்டோலைன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆப்ரிக்கானஸின் மகள், கிராக்கஸ் மக்களுக்கு உரியவள் என்று அதில் பொறித்திருக்கிறது. கணவர் பெயர் தனியே இல்லை.