மகாமாரி, ஐரோப்பிய (1347–1351): சமயமும் வைத்தியமும்

1347 அக்டோபரில் கருங்கடற் பக்கத்திலிருந்து வந்த ஜெனோவா நகரத்துக் கப்பல்கள் சிசிலித் தீவின் மெசினாத் துறையில் கொண்டுவந்து இறக்கிய பிளேக் நோய், மறு வருஷத்தில் இத்தாலியையும் பிரான்சையும் இங்கிலாந்தின் தென்கரையையும் பற்றி, 1351-க்குள் வட ஐரோப்பா வரையிற் பரவி, அக்கண்டத்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாய்த்தது. இக்காலத்தைப் பற்றி எழுதுவோர் சமயம், மூடநம்பிக்கை, வைத்தியம் என மூன்றாக வகுத்துப் பேசுவது வழக்கமாயினும், நோய்க்கு ஆளானவர்கள் அவ்வாறு வகுத்தறிந்தார்களில்லை.

நோயின் காரணத்தை ஆராய்ந்துரைக்குமாறு பிரான்சு மன்னர் ஆறாம் பிலிப்பு வேண்ட, பாரிஸ் சர்வகலாசாலையின் வைத்திய பண்டிதர்கள் 1348 அக்டோபரில் அளித்த அறிக்கையே இதற்குத் தக்க சான்று. 1345 மார்ச் 20-ஆம் நாள் பகல் ஒரு மணிக்குச் சனி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்று கிரகங்களும் கும்ப ராசியிற் கூடின என்றும், உஷ்ணமும் ஈரமும் உடைய வியாழன் பூமியிலிருந்து தீய ஆவிகளை மேலே இழுக்க, உஷ்ணமும் வறட்சியும் உடைய செவ்வாய் அவற்றை மூட்டிவிட்டது என்றும், அவ்வாறு கெட்ட காற்றே சுவாசத்தின் வழியே இருதயத்தை அடைந்து பிராணனைக் கெடுக்கிறது என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள். உஷ்ணமும் ஈரமும் மிக்க தேகிகளே எளிதில் நோய்க்கு இரையாவர் என்பதும், ஸ்நானம் தேகத்தின் துவாரங்களைத் திறந்துவிடுமாதலால் தவிர்க்கத்தக்கது என்பதும் அதன் தொடர்ச்சி. இத்தனையும் சொன்ன பண்டிதர்கள், கொள்ளைநோய் யாவும் ஈசுவர சித்தமே எனவும், அதற்காக வைத்தியரைக் கைவிடலாகாது எனவும் ஒரே மூச்சில் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது.

அவினியோனில் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்டின் வைத்தியராயிருந்த குய் த ஷோலியாக் நோயை இருவகையாகப் பிரித்தார்: காய்ச்சலோடு இரத்தம் துப்பி மூன்று நாளில் மரிப்பது ஒன்று, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி ஐந்து நாளில் மரிப்பது மற்றொன்று. இன்றைய வைத்திய நூல்களும் இவ்விரண்டையும் தனித்தனியே வகுக்கின்றன. அத்திப்பழத்தையும் வேகவைத்த வெங்காயத்தையும் இடித்து, புளித்த மாவும் வெண்ணெயும் கூட்டிக் கட்டியின்மேல் வைத்துப் பழுக்கச் செய்து, பின்னர் அதைக் கீறிப் புண்ணுக்குரிய சிகிச்சை செய்வது அவர் முறை. குருதி வாங்குதலும், பாம்பின் மாமிசம் சேர்த்த தீரியாக் என்னும் லேகியமும் வழக்கிலிருந்தன. ஓடிப்போனால் அபகீர்த்தி வருமென்று அஞ்சியே நகரில் தங்கிய அவர், தாமும் நெறி கட்டிப் படுத்துப் பிழைத்தார். போப்பாண்டவரோ மருத்துவர் சொற்படி இருபுறமும் தீ வளர்த்து நடுவே அமர்ந்திருந்தார். படங்களில் காணும் பறவைமூக்கு முகமூடி 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதை மகாமாரிக் காலத்து வைத்தியருக்கு அணிவிப்பது சித்திரக்காரர்களின் தாராளம்.

பாவத்தின் தண்டனையே நோய் என்ற நம்பிக்கையின் உக்கிரமான உருவம், ஜெர்மனியிலும் அண்டைத் தேசங்களிலும் ஊர்தோறும் திரிந்து, முடிச்சில் இரும்புமுள் செருகிய சவுக்கால் தம்மையே அடித்துக்கொண்ட கூட்டத்தார். கிறிஸ்துவின் ஆயுளாண்டுகளை நினைந்து முப்பத்துமூன்றரை நாள் விரதமாக இதனை நடத்திய அவர்களைப் போப்பாண்டவர் 1349 அக்டோபரில் தடை செய்தார். இதனினும் கொடியது, யூதர்கள் கிணறுகளில் விஷமிட்டனர் என்ற வதந்தி. சவாய் நாட்டில் சித்திரவதையால் வாங்கிய வாக்குமூலங்கள் நகருக்கு நகர் அனுப்பப்பட, ஸ்ட்ராஸ்பர்க்கில் நோய் எட்டிப்பார்ப்பதற்கு முன்னரே, 1349 பிப்ரவரி 14-இல் யூதர்கள் கூட்டமாக எரிக்கப்பட்டனர். யூதரும் இந்நோயால் மடிகின்றனரே, யூதரே இல்லாத இடங்களிலும் அது பரவுகிறதே என்று கிளமெண்டு ஆணை மூலம் எடுத்துரைத்தும் பயனில்லை. அந்த ஆணையின் நியாயம் பாரிஸ் அறிக்கையைவிடத் தெளிவானது.

இதே காலத்தில் கிரானடாவின் முஸ்லிம் அறிஞர் இப்னு அல்-கதீப், நோயாளியின் ஆடை, பாத்திரம், காதணி வழியாகவும் நோய் தொற்றுவதையும், ஒதுங்கி வாழ்ந்தோர் தப்பியதையும் காட்டி, தொற்று இல்லையென்னும் இஸ்லாமிய மரபுரை கண்கண்ட உண்மைக்கு ஏற்பவே பொருள்கொள்ளப்பட வேண்டும் என வாதித்தார். டமாஸ்கஸில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாக ஊர்வலம் போனதை யாத்திரிகர் இப்னு பதூதா குறித்துள்ளார்.

பிற்காலத்தில், துறைமுக நகரான ரகூசா 1377-இல், நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் தனித்து வைக்கும் விதியை ஏற்படுத்தியது. நோய்க்குக் காரணமான கிருமியை யெர்சின் என்னும் ஆராய்ச்சியாளர் ஹாங்காங்கில் 1894-இல்தான் கண்டார். காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும் இந்நோய், மடகாஸ்கர் முதலிய இடங்களில் இன்றும் உண்டு.