150 என்னும் எல்லைக்கோடு: தண்டுவடக் காயமும் மலக்கட்டும் குறித்த ஒரு மறுவாசிப்பு

தண்டுவடக் காயமுற்றோர்க்கு மலக்கட்டால் நேரும் அட்டானமிக் டிஸ்ரிஃப்லெக்சியா (இரத்த அழுத்தத்தைத் திடீரென ஆபத்தாக உயர்த்தும் அனிச்சைச் செயல்) பற்றிய செவிலியர் பாடங்களில் ஒரு வாசிப்பு நிலைபெற்றுவிட்டது: சிஸ்டாலிக் (மேல்) இரத்த அழுத்தம் 150-ஐத் தொட்டால் அவசரநிலை, அதுவரை கவனித்திருந்தால் போதும். இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது அமெரிக்கத் தண்டுவட மருத்துவக் கூட்டமைப்பின் 2001-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி. அந்நெறி இதைச் சொல்லவில்லை என்பதே என் வாதம்.

நெறியில் இரண்டு அளவுகள் உள்ளன. ஆறாம் மார்புத் தண்டுவடப் பகுதிக்கு மேல் காயமுற்றவரின் இயல்பான சிஸ்டாலிக் அழுத்தம் 90 முதல் 110 வரை இருக்கலாம். வயதுவந்தோரிடம் அதைவிட 20 முதல் 40 வரை கூடினாலே ஐயுற வேண்டும். இது நோயை அறிவதற்கான அளவு. 150 வருவது பின்னர், வேறொரு வினாவுக்கு விடையாக: மலக்குடலைச் சோதிக்க விரலை நுழைக்குமுன் அழுத்தத்தைத் தணிக்கும் மருந்து தரலாமா? அந்த எண் கையுறை அணிந்த விரலுக்கு இடப்பட்ட எல்லை, கண்ணுக்கு இடப்பட்டதன்று.

இவ்வெல்லை ஏன் அங்கே வைக்கப்பட்டது? மலக்குடலைத் தொடுவதே அந்த அனிச்சைச் செயலை மேலும் தூண்டும். காரணத்தை நீக்கப் போகும் கை காரணத்தையே பெருக்கக்கூடும். நெறியின் வரிசை இதற்கேற்ப அமைந்தது: நிமிர்த்தி உட்காரவைத்தல், இறுக்கமான உடையைத் தளர்த்துதல், சிறுநீர்க் குழாயைச் சரிபார்த்தல், பிறகே மலக்குடல். அங்கும் முதலில் லிடோகெய்ன் ஜெல் இட்டு, அது வேலைசெய்யக் காத்திருக்க வேண்டும். இடையில் அழுத்தம் ஏறினால் கையை நிறுத்த வேண்டும். 150-ஐ அறிகுறியாக எடுத்துக்கொண்டால் இவ்வரிசையின் தொடக்கப் படிகள் அனைத்தும் தாமதமாகின்றன. வழக்கமாக 95 உள்ளவருக்கு 135 என்பது நாற்பது அலகு உயர்வு. வார்டின் அழுத்த அட்டவணையிலோ அது ஆரோக்கியமானவரின் எண்ணாகவே தெரியும்.

தலைவலி, முகச் சிவப்பு, காயத்துக்கு மேற்பட்ட பகுதியில் வியர்வை ஆகியவை நம்மை எச்சரிக்குமே என்பர். எச்சரிக்கலாம்; ஆனால் அறிகுறியே இன்றி அழுத்தம் உயர்வதும் உண்டு. பொய் எச்சரிக்கைகள் பெருகும் என்ற அச்சத்துக்கு நெடிய மறுமொழி வேண்டியதில்லை. ஒருவரை நிமிர்த்தி உட்காரவைப்பதால் பெரும்பாலும் கேடு இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளியின் இயல்பளவு பதிவாகாத நிலையில் உயர்வைக் கணக்கிட இயலாது. ஆனால் இது நெறியின் குறையன்று. சேர்க்கைப் பதிவேட்டின் குறை. திறனாளர் இருந்தால் மட்டும் இக்குறை தீராது. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை 2018-இல் இந்நோயாளிகளின் மலக்குடல் பராமரிப்புக்காகத் தனியே பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தது. விரலால் மலம் அகற்றத் தெரிந்த செவிலியர் வார்டில் கிடைப்பதே அங்குச் சிக்கலாக இருந்தது. திறன் தேவைதான். ஆனால் இயல்பளவு தெரியாத திறனாளர் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று எதைக்கொண்டு முடிவுசெய்வார்? சேர்க்கை நாளிலேயே இயல்பளவைக் குறித்து, அதிலிருந்து இருபது அலகு உயர்ந்த எண்ணை அட்டவணையில் எழுதிவைப்பதே முதல் பணி. 150 மருந்துத் தட்டில் இருக்கட்டும்.